பைனம் அம்மாவின் முனகல்

சிகாகோ
4 ஆகஸ்ட் 1975

வெர்டெல் அக்காவுக்கு,

உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் இதை அடுப்பில் போடத்தான் உனக்குத் தோன்றும். போடாமல் பிரித்திருந்தால் உனக்குப் புண்ணியம். ஏழு வருஷமாக ஒரு வரி எழுதாதவன் இப்போது எதற்கு எழுதுகிறான் என்று கேட்பாய். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தொண்டையில் புற்று. குரல்வளையை முழுசாக எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். செப்டம்பர் 23, செவ்வாய்க்கிழமை.

டாக்டர் நல்ல மனிதர்தான். என் 'லூரீன், கொஞ்சம் இரு' ரெக்கார்டு அவர் மனைவியிடம் இருக்கிறதாம். என் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னார். கசாப்புக்காரன் ஆட்டைத் தட்டிக்கொடுத்த மாதிரி இருந்தது எனக்கு. இனிமேல் கழுத்தில் ஒரு ஓட்டை, அதன் வழியாக மூச்சு. பேச்சு கிடையாது.

பாட்டு போவதைப் பற்றி நான் அழவில்லை. அது எப்போதோ போய்விட்டது. டிஸ்கோ வந்த பிறகு என் மாதிரி ஆட்களை யார் கூப்பிடுகிறார்கள்? போன குளிர்காலத்தில் ஒரு சாராயக்கடையில் பதினொரு பேருக்குப் பாடினேன். அதில் இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். இந்தத் தொண்டை இருக்கும்போதே ஊருக்கு வந்து அம்மா எதிரில் நிற்க வேண்டும். ரெக்கார்டில் உள்ளதை இல்லை, அம்மாவின் முனகலை, அம்மா முனகியபடியே ஒருமுறை பாட வேண்டும். எடுத்ததைத் திருப்பி வைத்துவிட்டுப் போகிறேன். கேட்டுவிட்டு அம்மா மறுபடி வாய் திறந்தால் போதும். அம்மாவிடம் என் நோயைச் சொல்லாதே. வரலாமா என்று மட்டும் எழுது.

தம்பி,
க்ளியோத்தா


ஹாலோ பெண்ட், மிசிசிப்பி
12 ஆகஸ்ட் 1975

க்ளியோத்தாவுக்கு,

அடுப்பில் போடவில்லை. இந்த ஆகஸ்ட் வெயிலில் எவள் அடுப்பு மூட்டுவாள்? வாசலிலேயே நின்று படித்தேன், உட்கார்ந்து படித்தேன், மறுபடி படித்தேன். நாற்பது வயசுகூட ஆகாத உனக்கு இப்படி வந்திருக்க வேண்டாம். அக்காவாக இதைச் சொல்லிவிட்டேன். மற்றதையும் சொல்லிவிடுகிறேன்.

திருப்பி வைக்கிறாயா? அதென்ன, இரவல் வாங்கின சட்டியா?

அந்த ரெக்கார்டை அம்மா எங்கே கேட்டாள் என்று உனக்குத் தெரியுமா? நீ கேட்டதே இல்லை. 1966 ஜூலை, வேலைக்குப் போன கிரிம்ஷா வீட்டுச் சமையலறையில் நின்றபடி துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுப் பெண்கள் இரண்டும் ரேடியோவை வைத்துக்கொண்டு இடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தன. பாட்டில் லூரீனைப் போகாதே போகாதே என்று நீ கெஞ்சினாய். அதுவரைக்கும் அம்மா சிரித்துக்கொண்டுதான் கேட்டாளாம். கெஞ்சி முடித்துவிட்டு முனக ஆரம்பித்தாய். அப்பாவைக் குழிக்குள் இறக்கும்போது அம்மா வயிற்றிலிருந்து வந்தது அது. அதற்குப் பிறகு இந்த ஊரில் யார் செத்தாலும் பைனம் அம்மா முனகினால்தான் மண் தள்ளுவார்கள். அதைக் கேட்டு அந்த வெள்ளைக்காரப் பெண்கள் ஆடின. சின்னவள் அம்மாவைப் பேர் சொல்லியே கேட்டாளாம், "லியோலா, இது உன் மகன்தானே?" என்று. கேட்டுவிட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

வீட்டுக்கு வந்து அம்மா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "வார்த்தையில ஜெபிச்சா பிசாசு ஒட்டுக்கேப்பான்னுதானே முனகுறோம். இப்ப என் மகன் அதை அவன் கையிலயே குடுத்துட்டான். வேணுங்கிறப்ப போட்டுக் கேட்டுக்குவான்." அன்றைக்கு மூடிய வாய்தான். பேசுவாள், திட்டுவாள், பாத்திரத்தை உருட்டுவாள். ஆலயத்தில் வாய் திறக்கமாட்டாள்.

1968 மார்ச்சில் என் மகன் ஜூனியஸ் வியட்நாமிலிருந்து பெட்டியில் வந்தான். திறக்கக்கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். குழிப்பக்கத்தில் போதகர் "பைனம் அம்மா" என்று கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தார். ஊரே காத்திருந்தது. நான் அம்மா காலைப் பிடித்தேன். அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பத்தொன்பது வயசுப் பிள்ளையை நாய்க்குட்டியைப் புதைக்கிற மாதிரி சத்தமில்லாமல் புதைத்தோம். நீ லண்டனில் பாடிக்கொண்டிருந்தாய். கிட்டார் வடிவத்தில் மலர்வளையம் அனுப்பியிருந்தாய். அதை நான்தான் மிதித்தேன்.

வரலாமா என்று கேட்கிறாய். யோசித்து எழுதுகிறேன்.

வெர்டெல்


சிகாகோ
20 ஆகஸ்ட் 1975

அக்கா,

கிரிம்ஷா வீட்டுக் கதை எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஜூனியஸ் அடக்கத்துக்கு வராததற்குச் சாக்கு எதுவும் வைத்திருக்கவில்லை. அன்றைக்கு இரண்டு கச்சேரி இருந்தது. வந்திருக்கலாம். அம்மா முகத்தில் முழிக்கப் பயந்து வரவில்லை.

ஆனால் திருடன் என்று மட்டும் சொல்லாதே. 1958ல் நான் மெம்ஃபிஸுக்குப் பஸ் ஏறியபோது அம்மா சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். "கர்த்தருக்குப் பாடினதை எடுத்து ஒரு பொம்பளைக்குப் பாடாதே." சரி என்றேன். என்னோடு இருந்தவர்கள் அத்தனை பேரும் அதைத்தான் செய்தார்கள். இயேசு என்று வருகிற இடத்தில் கண்மணி என்று மாற்றினால் பாட்டு தயார். ஞாயிற்றுக்கிழமை மெட்டு, சனிக்கிழமை வார்த்தை. எட்டு வருஷம் நான் மட்டும் முட்டாள் மாதிரி புது மெட்டைத் தேடிக்கொண்டு திரிந்தேன். ஒன்றும் ஓடவில்லை. ஆனாலும் ஒரு துதிப்பாட்டைக்கூட நான் தொடவில்லை.

அன்றைக்கு ஸ்டூடியோவில் லூரீன் பாட்டு பாதியில் நின்றுபோயிற்று. எழுதினவனுக்கு அதற்குமேல் வார்த்தை வரவில்லை. பதிவு நாடா ஓடிக்கொண்டிருந்தது, பையன்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள், நான் மைக் முன்னால் சும்மா நின்றேன். கண்ணை மூடினேன். அப்பா அடக்கத்தில் ஆறு வயசில் அம்மா பாவாடையில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேனே, அப்போது அவள் வயிறு அதிர்ந்தது என் கன்னத்தில் தெரிந்தது. அது வந்துவிட்டது. முடிந்ததும் டிரம் வாசித்தவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

அதில் கர்த்தர் பேர் இல்லை, வசனம் இல்லை, ஒரு சொல்கூட இல்லை. வார்த்தையே இல்லாத ஒன்று யாருடையதாக இருக்கும் என்று நினைத்தேன். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை எழுத்துக்கு எழுத்துக் காப்பாற்றினேன், அக்கா. அவள் வைத்திருந்ததிலேயே பெரியதைப் போய் எடுத்திருக்கிறேன். ரெக்கார்டு ஓடினது அதனால்தான். லூரீனுக்காக எவனும் வாங்கவில்லை.

செப்டம்பர் 7 ஞாயிறு எனக்குத் தோதுப்படும். வேண்டாமென்றால் வேண்டாமென்று எழுது.

க்ளியோத்தா


ஹாலோ பெண்ட்
29 ஆகஸ்ட் 1975

க்ளியோத்தா,

அம்மாவிடம் நீ வரப்போவதைச் சொன்னேன். பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. தட்டு முழுவதும் உரித்து முடித்த பிறகு சொன்னாள், "வரட்டும். பேசினா கேக்குறேன். பாடினா எழுந்து போயிடுவேன்" என்று.

இதுவே பெரிசு. இதற்குமேல் என்னால் அவளை இறங்கிவரவைக்க முடியாது. நீ வந்து சாப்பிடு, நாலு வார்த்தை பேசு. ஜூனியஸைப் பார்க்க அழைத்துப்போகிறேன், இன்னும் நீ பார்க்கவில்லை. வரும்போது அந்த மினுமினுக்கிற கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து நிற்காதே. அம்மாவுக்கு எழுபத்திநாலு, மூச்சு வாங்குகிறது. அவளிடம் மல்லுக்கு நிற்காதே.

ஒன்று சொல்கிறேன், மனசில் வைத்துக்கொள். அவள் வாய் திறக்க வேண்டும் என்று உன்னைவிட எனக்கு ஆசை. நீ உனக்காகக் கேட்கிறாய். நான் மண்ணுக்கு அடியில் இருக்கிற பிள்ளைக்காகக் கேட்கிறேன். அவன் ஏழு வருஷமாக வாசலில் நிற்கிற மாதிரியே எனக்கு இருக்கிறது.

வெர்டெல்


சிகாகோ
11 செப்டம்பர் 1975

அக்கா,

வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த சோள ரொட்டியைப் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக் கிழவருக்குக் கொடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே, விழுங்க முடியவில்லை. அம்மா என் தட்டில் மூன்று கெளுத்தி மீன் வைத்தாளே, அதில் இரண்டு என் கைக்குட்டைக்குள் போயிற்று. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒன்பது வருஷம் கழித்து மகனைப் பார்க்கிறவள், "பல்லு எல்லாம் இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். காட்டச் சொன்னாள். காட்டினேன். அவ்வளவுதான் நாங்கள் பேசினது, நீயும் பார்த்தாய்.

நீ பார்க்காதது ஒன்று இருக்கிறது. கல்லறையில் பூச்செடிக்குத் தண்ணீர் எடுக்க நீ குழாயடிக்குப் போனாய். ஜூனியஸ் கல்லுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். பாடக்கூடாது என்ற கட்டளை எனக்குத் தெரியும். ஆனாலும் இன்னும் பதினாறு நாள்தான் என்று மனசு அடித்துக்கொண்டது. மூச்சை இழுத்து வாயைத் திறந்தேன். அவள் கல்லைச் சுற்றிவந்து உள்ளங்கையால் என் வாயைப் பொத்திவிட்டாள்.

வெங்காய வாசனையும் சலவைச் சோப்பு வாசனையும் அடித்தது. கையை எடுக்கவில்லை. அப்படியே கீழே இறக்கிக் கழுத்துக்குக் கொண்டுபோனாள். இரண்டு விரலால் கட்டியைத் தேடினாள், கண்டுபிடித்தாள். அங்கேயே வைத்திருந்தாள்.

"எப்ப?" என்றாள்.

"இருபத்திமூணாம் தேதி" என்றேன்.

அதற்குள் நீ வாளியோடு வந்துவிட்டாய். அவள் ஒன்றும் நடக்காத மாதிரி களை பிடுங்க உட்கார்ந்துவிட்டாள்.

மன்னித்தாளா, இல்லை வாயை அடைத்தாளா? எனக்குப் புரியவில்லை. பஸ்ஸில் பதினாலு மணி நேரம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நீ கேட்டு எழுது. ஆபரேஷனுக்குள் தெரிந்தால் நன்றாக இருக்கும்.

க்ளியோத்தா


ஹாலோ பெண்ட்
24 செப்டம்பர் 1975

தம்பி,

நேற்றுச் சாயங்காலம் பக்கத்து வீட்டு ஃபோனில் உன் ஆஸ்பத்திரிக்காரி பேசினாள். பிழைத்துக்கொண்டாய் என்றாள். நல்லது. உனக்குள்ளிருந்து எடுத்துப்போட்டதை என்ன செய்தார்கள் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது, கேட்கவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் எழுத பத்து நாள் ஆகிவிட்டது. அம்மாவிடம் கேட்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. கடைசியில் அவளாகவே நேற்றுச் சொன்னாள்.

காலையில் எழுந்ததும் ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுப்பை எடுத்துப் போட்டுக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை என்றேன். தெரியும் என்றாள். ஆலயத்துக்கு அழைத்துப்போனேன். ஒரு ஆள் இல்லை. முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, உன்னை எத்தனை மணிக்கு அறுப்பார்கள் என்று கேட்டாள். பிறகு சொன்னாள், "அந்த ரெக்கார்டைக் கேட்ட அன்னிக்கு, கர்த்தரே அந்த வாயை மூடிடுன்னு கேட்டேன் வெர்டெல். ஒரு தடவைதான் கேட்டேன். ஒன்பது வருஷம் கழிச்சுக் குடுக்குறார் பாரு."

அப்படியெல்லாம் கர்த்தர் செய்யமாட்டார் என்றேன். செய்வார் என்றாள்.

அவளைத் தேற்ற என்னிடம் வேறு எதுவும் இல்லை. அதனால் இத்தனை வருஷம் நான் ஒளித்து வைத்திருந்ததைப் பையிலிருந்து எடுத்தேன். ஜூனியஸின் கடைசிக் கடிதம். அதை நான் யாருக்கும் காட்டவில்லை. காட்டினால் உனக்குச் சாதகமாகப் போய்விடும் என்றுதான் காட்டவில்லை, இப்போது ஒத்துக்கொள்கிறேன். முகாமில் பையன்கள் உன் ரெக்கார்டைத் தேயத் தேயப் போடுகிறார்களாம். "மாமா முனகுற இடம் வந்ததும் எல்லாரும் பேச்சை நிறுத்திடுவானுங்க. பாட்டி பக்கத்துல உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கும்மா" என்று எழுதியிருந்தான். எழுதி ஒன்பதாம் நாள் செத்தான்.

அம்மா அதை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். "அப்ப அவன் கேட்டுட்டுத்தான் போயிருக்கான்" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, கண்ணை மூடி, வாயைத் திறந்தாள். ஆனால் வரவில்லை. இருமல்தான் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பார்த்தாள். காற்றுதான் வந்தது. மத்தியானம்வரை முயற்சி பண்ணினாள், பத்துத் தடவைக்கு மேல் இருக்கும். பிறகு வீட்டுக்குப் போகலாம் என்றாள். வந்து படுத்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

வாயைப் பொத்தினது எதற்கு என்றும் கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெர்டெல்


சிகாகோ
14 அக்டோபர் 1975

அக்கா,

சுருக்கமாக எழுதுகிறேன். ஒரு சிலேட்டுக் கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர் வேண்டும் என்பதைக்கூட எழுதித்தான் காட்ட வேண்டும். பழக்கத்தில் வாயைத் திறந்துவிடுகிறேன். காற்றுகூட வருவதில்லை, அது கழுத்து வழியாகப் போய்விடுகிறது. டாக்டர் மனைவி அந்த ரெக்கார்டைக் கொடுத்தனுப்பியிருந்தாள். கையெழுத்துப் போட்டேன்.

அம்மாவிடம் சொல். அவள் ஜெபம் ஒன்றும் இதைச் செய்யவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் சிகரெட், இருபது வருஷம். வேண்டுமானால் டாக்டரிடம் எழுதி வாங்கி அனுப்புகிறேன். நான் செய்ததற்கு அவள் பழியைச் சுமக்க வேண்டாம்.

எழுந்து நடக்க ஆரம்பித்ததும் வருகிறேன்.

க்ளியோத்தா


ஹாலோ பெண்ட்
17 நவம்பர் 1975

தம்பி,

உன் தந்தி வந்தது. காய்ச்சலில் கிடக்கிறவன் எப்படி வருவாய்? நான் குறை சொல்லவில்லை. அம்மா வலியில்லாமல்தான் போனாள், செவ்வாய்க்கிழமை காலை, பாதிக் கஞ்சியில். உன் சிகரெட் சாட்சியை முன்னமே படித்துக்காட்டியிருந்தேன். "அவனுக்குச் சின்ன வயசுலேயிருந்தே நல்லாப் பொய் சொல்ல வரும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

சனிக்கிழமை அடக்கம். ஊரே வந்திருந்தது. எத்தனை வீட்டுச் சாவுக்கு முனகினவள்! குழிப்பக்கம் போதகர் ஜெபித்து முடித்துவிட்டு நின்றார். யாரைக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஜூனியஸைப் புதைத்தபோது இருந்த அதே மௌனம். இன்னொரு தடவை அதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றிற்று. நானே முன்னால் போனேன். நாற்பத்தாறு வயசுக்கு அன்றைக்குத்தான் முதல்முதலாகத் தனியாக வாய் திறந்தேன்.

வந்தது, தம்பி. ஆரம்பம் நன்றாகவே வந்தது. வயசான பெண்கள் இரண்டு பேர் "ஆமா, ஆமா" என்று அழுதார்கள். மேலே போயிற்று. அங்கிருந்து எங்கே போவது என்று நான் யோசிக்கவே இல்லை, அதுவாகவே இறங்கிற்று. இறங்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் அம்மா போன வழியில் போகவில்லை, உன் ரெக்கார்டு போன வழியில் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் நின்றவர்கள் ரெக்கார்டில் டிரம் விழுகிற இடத்தில் சரியாகக் கை தட்டினார்கள். பாடகர் வரிசையிலிருந்து ஒருத்தி, பாவம், வேண்டுமென்று செய்யவில்லை, பழக்கதோஷத்தில் "லூரீன்" என்று எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பேரோடுதான் அம்மா மேல் மண் விழுந்தது.

இரண்டு நாளாக சமையலறையில் நின்று, கொல்லையில் நின்று, ஜூனியஸ் கல்லுக்குப் பக்கத்தில் நின்று முயற்சி பண்ணிப் பார்க்கிறேன். மேலே போகிறது, உடனே உன் வழியில் இறங்குகிறது. அம்மா இப்படி இறங்கமாட்டாள், அது எனக்குத் தெரியும். எப்படிப் போவாள் என்பதுதான் தெரியவில்லை. கிழவிகளைக் கேட்டேன். ஆளுக்கொன்று முனகிக் காட்டினார்கள், எல்லாம் உன்னுடையதுதான்.

நீதான் பாவாடையில் முகத்தை வைத்துக் கேட்டவன். அம்மா முனகியபடியே பாடுகிறேன் என்று எழுதினவனும் நீதான். உன்னால் பாடிக்காட்ட முடியாது, தெரியும். எழுத்தில் சொல். மேலே போன பிறகு எவ்வளவு நேரம் நிற்கும், இறங்குமா, இறங்காதா, எந்த இடத்தில் மூச்சு விடுவாள், உனக்குத் தோன்றுகிறபடி எழுது. நான் பிடித்துக்கொள்வேன். என் பிள்ளைக்கும் அவளுக்கும் ஒருமுறை சரியாகச் செய்துவிட்டால் அதற்குப் பிறகு உன்னை ஒன்றும் கேட்கமாட்டேன்.

உன் அக்கா,
வெர்டெல்


சிகாகோ
26 நவம்பர் 1975

அக்கா,

உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆயிற்று. சிலேட்டில் எழுதி எழுதி அழித்தேன்.

அம்மாவுடையது நீ சொன்ன மாதிரி இறங்காது. அது உண்மை. இறக்கினவன் நான். ஸ்டூடியோவில் முதலில் வந்ததை வாசிப்பவர்கள் பின்தொடர முடியவில்லை. பாட்டு என்றால் எங்கேயாவது வந்து உட்கார வேண்டும், இது அந்தரத்தில் விட்டுவிட்டுப் போகிறது என்றார்கள். இரண்டாவது தடவை பாடும்போது நான் கீழே கொண்டுவந்து முடித்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அந்த இரண்டாவதுதான் ரெக்கார்டு. முதல் நாடாவை அன்றைக்கே அழித்து அதன்மேல் வேறு எதையோ பதிந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம். எத்தனை மேடை என்று கணக்கில்லை. ஒவ்வொன்றிலும் அந்த இறக்கத்தைத்தான் பாடினேன், சில நாள் இரண்டு தடவை. ஆகஸ்டில் உனக்கு எழுதினபோது அம்மாவுடையது என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். கல்லறையில் வாயைத் திறந்து மூச்சை இழுத்த நொடியில்தான் தெரிந்தது. உள்ளே தயாராக நின்றது ரெக்கார்டு. அம்மா கையை வைத்திராவிட்டால் ஜூனியஸ் தலைமாட்டில் லூரீனைத்தான் பாடியிருப்பேன். அவள் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறாள். அது மன்னிப்பும் இல்லை, கோபமும் இல்லை. பிள்ளை இன்னொரு தடவை அசிங்கப்பட வேண்டாம் என்று பொத்தியிருக்கிறாள்.

இந்த ஐந்து நாளும் பாவாடை ஞாபகம் வருகிறது, கன்னத்தில் அதிர்ந்தது ஞாபகம் வருகிறது, துணியின் கஞ்சி வாசனைகூட வருகிறது. சத்தம் வரும்போது என் சத்தம்தான் வருகிறது.

உனக்கு ஒரு முடிவை இட்டுக்கட்டி எழுதியிருக்கலாம். மேலேயே நிற்கும், மூன்று மூச்சு விடுவாள் என்று ஏதாவது. நீ நம்பியிருப்பாய், பிடித்துக்கொண்டிருப்பாய், இனிமேல் ஊரில் விழுகிற ஒவ்வொரு சாவுக்கும் அதையே பாடுவார்கள். அந்தக் காரியத்தை ஒரு தடவை செய்துவிட்டேன், மறுபடி செய்யமாட்டேன். அங்கிருந்து அது எங்கே போகும் என்று எனக்கும் தெரியாது, அக்கா.

தம்பி,
க்ளியோத்தா